யாரு சொல்லி வந்தே?

நெடுஞ்சாலைத் துறையில் சாலைப் பணியாளராக இருந்த அப்பா வேலையில் இருக்கும்போதே இறந்துபோனார். கருணை அடிப்படையில் எனக்கொரு வேலை கிடைக்கத் தாலுகா ஆபீஸில் வாரிசுச் சான்றிதழ் வாங்கியாக வேண்டும். எட்டாம் வகுப்போடு நின்றுவிட்ட எனக்கு அதை விட்டால் வேறு சர்க்கார் வேலைக்கு வழியில்லை. கெடு முடிந்துவிடுமோ, மனு தொலைந்துவிடுமோ என்று விடாமல் அங்கே நடந்துகொண்டிருந்தேன்.

அந்த ஆபீஸின் தலைமை எழுத்தர் என் மனுவைப் பார்க்கமாட்டார். எனக்குப் பின்னால் யாராவது நிற்கிறார்களா என்றுதான் பார்ப்பார்.

“யாரு சொல்லி வந்தே?”

“யாரும் சொல்லலை சார்.”

“அப்ப மறுவிசாரணைக்குப் போயிருக்கு. பைய வா.”

இப்படியே எத்தனையோ தடவை. ஆபீஸ் பெஞ்சில் உட்கார்ந்து உட்கார்ந்து, யார் சிபாரிசோடு வருகிறார்கள், யாருடைய காகிதம் உடனே நகர்கிறது என்பதெல்லாம் எனக்கு மனப்பாடம் ஆகிவிட்டது. அவர் நன்றாக இருக்கக் கூடாது என்று நெல்லையப்பரிடம் வேண்டியும் இருக்கிறேன்.

அப்போது பேட்டையில் ஒரு கம்ப்யூட்டர் சென்டரில் தட்டச்சு செய்துகொண்டிருந்தேன். தொண்ணூறுகளின் கடைசி. சர்க்கார் ஊழியர்களுக்குக் கம்ப்யூட்டர் சொல்லிக்கொடுக்கும் வேலை எங்கள் முதலாளிக்குக் கிடைத்தது. பாடத்தில் கெத்தாக இருக்கட்டும் என்று ‘செயற்கை அறிவு’ என்றும் ஒன்றைச் சேர்த்திருந்தார். அதற்காகச் சின்னதாக ஒரு புரோகிராமும் எழுதினார்.

“நான் சொன்னா இங்கிலீஷா வருது. நீ சொல்லு பிள்ள.”

முதலில் மாட்டேன் என்றேன். வரப்போவது எந்தத் தாலுகா ஆபீஸ் என்று தெரிந்ததும் சரி என்றேன்.

முன் நாற்காலியில் அந்தத் தலைமை எழுத்தர்தான். என்னை அடையாளம் தெரிந்தும் தெரியாதவர் போல உட்கார்ந்திருந்தார்.

“இந்தப் பெட்டிக்குத் தானா ஒண்ணும் தெரியாது,” என்று தொடங்கினேன். “பழைய மனுவையும் அதுக்குக் குடுத்த பதிலையும் காட்டணும். புது மனு வந்தா, எந்தப் பழைய மனு மாதிரி இருக்குன்னு பாத்து அதே பதிலைச் சொல்லும். நாம சொல்லுத விதியைப் படிக்காது. நாம செஞ்சதைத்தான் படிக்கும்.”

பழைய மனுக்களென்று நான் ஏற்றிவைத்திருந்தவை பெஞ்சிலிருந்து பார்த்தவை. ஒவ்வொன்றுக்கும் இரண்டே கேள்வி: காகிதம் சரியா? யாராவது சொன்னார்களா?

காகிதம் சரியில்லை, ஆள் சொன்னார் என்று தட்டினேன். ‘ஒப்புதல்’ என்றது. காகிதம் சரி, யாரும் சொல்லவில்லை என்றேன். ‘மறுவிசாரணை’ என்றது.

எல்லார் முன்னாலும் அவர் முகம் சுருங்கும் என்று காத்திருந்தேன். அவரோ தொடையைத் தட்டினார்.

“பாத்தீரா வே! நம்ம ஆபீஸ் வழக்கத்தை அச்சா பிடிச்சிட்டுதே! இதுல்லா அறிவு!” பக்கத்து எழுத்தரிடம் சொல்லிவிட்டு என் பக்கம் திரும்பினார். “ஒன் மனுவும் அதே கதைதான். இனி என்னைக் குத்தம் சொல்லாத. கம்ப்யூட்டரே சொல்லுது.”

நான் வெட்டிய குழியில் நானே விழுந்தாயிற்று. சான்றிதழும் போயிற்று.

பின்வரிசையில் இருந்த, அதே ஆபீஸ் டைப்பிஸ்ட் அக்கா எழுந்து வந்தார். ஓய்வு பெறப்போகிறவர், யாருக்கும் பயப்படமாட்டார்.

“பிள்ள, ஒன் மனுவுக்கு ‘யாராவது சொன்னார்களா’ங்கிற எடத்துல ஆமாம்னு போடு.”

“யாரு சொன்னா?” என்றார் தலைமை எழுத்தர்.

“நான் சொல்லுதேன். பெரிய ஆளா சின்ன ஆளான்னு அதுக்குத் தெரியுமா?”

“தெரியாதுக்கா,” என்று சொல்லிக்கொண்டே ஆமாம் என்று தட்டினேன். ‘ஒப்புதல்’ வந்தது.

“சார், கம்ப்யூட்டரே சொல்லுது!” என்று யாரோ கத்த, அறையே சிரித்தது. இப்போதுதான் அவர் முகம் நான் ஆசைப்பட்டபடி ஆனது. சற்றுமுன் அறிவு என்று புகழ்ந்ததை அத்தனை பேர் முன்னால் அவரால் முட்டாள் என்று சொல்ல முடியவில்லை.

மனுவை மேலே அனுப்ப வேண்டியதாயிற்று. மறுவாரமே சான்றிதழ் தாசில்தார் கையெழுத்தாகி வந்துவிட்டது. முத்திரை குத்திக் கொடுக்க வேண்டியவர் தலைமை எழுத்தர். குத்தி நீட்டினார், நான் நன்றி சொல்வேன் என்று பார்த்துக்கொண்டிருந்தார். அப்பாவின் பெயர், என் பெயர், ஒவ்வொரு எழுத்தாகப் படித்தேன். எல்லாம் சரியாக இருந்தது. முத்திரையும் பளிச்சென்றுதான் விழுந்திருந்தது.

“சரியா விழலை சார். இன்னொரு தரம் குத்துங்க,” என்றேன்.

ஆபீஸே பார்த்துக்கொண்டிருக்க, அவர் மறுபடி குத்தினார்.