குல்ஷனின் நான்கடி இடம்

தி.நகரில் உஸ்மான் சாலையிலிருந்து பிரியும் ஒரு சந்தின் நடைபாதையில் நான்கடி அகல இடம் குல்ஷனுடையது. எந்தக் காகிதத்திலும் அப்படி எழுதியிருக்கவில்லை. பதினெட்டு வருடமாக அங்கே கிளிப்பும் வளையலும் விற்கிறார், அவ்வளவுதான். கணவர் இறந்த பிறகு இரண்டு பெண்களையும் படிக்கவைத்தது அந்த இடம். மூத்தவள் சிம்ராவும் நானும் பிளஸ் டூவில் ஒரே வகுப்பு.

எங்கள் அரசியல் அறிவியல் பாடத்தில் யதார்த்தவாதம் என்றொரு கொள்கை வந்தது. நாடுகளுக்கு மேலே புகார் வாங்க ஒரு காவல் நிலையம் கிடையாது. அதனால் ஒவ்வொரு நாடும் தன்னைத் தானே காத்துக்கொள்ள வேண்டும், அடுத்தவரின் நல்லெண்ணத்தை நம்பி உட்கார முடியாது என்கிறது அது. தேர்வுக்கு மனப்பாடம் செய்தேன். புரிந்தது ஆறு மாதம் கழித்து, தீபாவளிக்கு முந்தைய மாதத்தில்தான்.

குல்ஷனுக்குப் பக்கத்தில் பொன்னுரங்கம் நைட்டி விற்கிறார். அடையாற்றங்கரையில் இருந்த அவர் வீட்டை இடித்து, குடும்பத்தை ஊருக்கு வெளியே பெரும்பாக்கத்துக்கு அனுப்பியிருந்தார்கள். ஒரு நாள் காலை அவருடைய ஸ்டாண்ட் குல்ஷன் பக்கம் ஒரு சாண் நகர்ந்திருந்தது.

"இன்னாண்ணே, ஸ்டாண்டுக்குக் கால் மொளச்சிடுச்சா?"

"அந்தாண்ட புதுசா பெல்ட் கடைக்காரன் வந்து தள்ளிக்கினே கீறான்மா. ஊட்டத்தான் எடுத்துட்டானுங்க, இதையும் உட்டுட்டு எங்க போறது?"

மறுநாள் குல்ஷன் ஒரு மணி நேரம் முன்னதாக வந்து தன் மேசையை ஒரு சாண் அவர் பக்கம் தள்ளிப் போட்டார். இழந்ததை மீட்டதாக அவர் நினைத்தார். பொன்னுரங்கத்துக்கு அது படையெடுப்பாகத் தெரிந்தது. பத்தே நாளில் இருவரும் முதல் பஸ்ஸில் வர ஆரம்பித்தார்கள். இரண்டு கடைக்கும் நடுவில் ஆள் நின்று பார்க்க இருந்த இடைவெளி காணாமல் போனது. வாங்க வந்த பெண்கள் நிற்க இடமில்லாமல் தாண்டிப் போனார்கள்.

"பசங்கள இட்டாரவா அத்தை?" என்றான் குல்ஷனின் அண்ணன் மகன் அமீன்.

"நீ நாலு பேர இட்டாந்தா அவரு எட்டு பேர இட்டாருவாரு. வர்றவன்லாம் நைட்டியா வாங்கப் போறான்?"

"போலீஸ்ல சொல்லலாம்மா" என்றாள் சிம்ரா.

"சொன்னா ரெண்டு கடையும் சேந்து போவும்."

பொன்னுரங்கமும் களைத்துவிட்டார். "எம் பொண்ணு மேல சத்தியமா இனிமே நவுர மாட்டேன்மா" என்றார்.

"சத்தியம்லாம் வேணாம்ணே. நாளைக்கு பெல்ட்காரன் தள்ளுனா நீ இன்னா பண்ணுவே? உன் எடத்துல நான் இருந்தாலும் நவுருவேன்."

அந்த வாரம் மழை தொடங்கியது. குல்ஷன் ஒரு பெரிய நீலத் தார்ப்பாய் கொண்டுவந்தார். இரண்டு கடைக்கும் சேர்த்து அந்த ஒரே பாய்தான். பழைய எல்லைப்படி இரண்டு கம்பம் அவர் ஓரத்தில், இரண்டு கம்பம் பொன்னுரங்கத்தின் ஓரத்தில்.

"யாரு கம்பத்த நவுத்துனாலும் நடுவுல தொய்ஞ்சு தண்ணி தேங்கும். என் கிளிப்பும் போவும், உன் நைட்டியும் போவும்."

பொன்னுரங்கம் பாயை ஒரு முறை இழுத்துப் பார்த்தார். "கில்லாடிமா நீ" என்று கயிற்றை வாங்கிக் கட்டினார்.

தீபாவளிக்கு ஒரு வாரம் இருக்கும்போது அவருக்குக் காய்ச்சல். மூன்று நாள் வரவில்லை. முதல் நாளே பெல்ட்காரன் வந்து அவர் ஓரத்துக் கம்பத்தில் கை வைத்தான். குல்ஷன் அதே கம்பத்தை மறுபக்கம் பிடித்துக்கொண்டார்.

"ஆளு இல்லாத எடம்தானேக்கா? உனக்கு இன்னா போச்சு?"

"மேல பாரு நைனா."

அவன் தலைக்கு நேர் மேலே பாய் மழைநீரில் கனத்துத் தொங்கியது. அவன் கையை எடுத்தான்.

அன்று நானும் அங்கே இருந்தேன். பொன்னுரங்கத்துக்காகவா செய்தீர்கள் என்று கேட்டேன். "என் சரக்குக்குத்தான்" என்றார், கம்பால் தண்ணீரைத் தள்ளிக்கொண்டே. பாடமும் அதைத்தான் சொல்லும். ஆனால் பொன்னுரங்கம் விட்டுப்போன நைட்டி மூட்டை ஈரத்தரையில் இல்லை. குல்ஷனின் மேசைமேல் இருந்தது. அதற்குப் பாடத்தில் விளக்கம் தேடினேன், கிடைக்கவில்லை.

நான்காம் நாள் பொன்னுரங்கம் வந்தார். முதலில் நான்கு முடிச்சுகளையும் பார்த்தார். பிறகு தரையைக் கண்ணால் அளந்தார். எல்லாம் வைத்த இடத்தில் இருந்தது.

"டீ சொல்லவாமா?" ஒரு மாதத்தில் முதல்முறையாகக் கேட்டார்.

"சொல்லுண்ணே. மொதல்ல உன் பக்கத்துக் கயித்த இழுத்துக் கட்டு."