சுடுமல்லியைத் தேடி மேகமலைச் சரிவுக்கு

சுடுமல்லி என்றாலே சோளம் போடுகிறவர்கள் முகம் சுளிப்பார்கள். சோளத்தின் வேரில் ஒட்டிக்கொண்டு உறிஞ்சுகிற களை அது. காய்ந்த மலைப்புல்வெளியில் புல்லின் வேரைப் பிடித்து வளரும்போது ஒரு சாண் உயரத்தில் வெள்ளையாகப் பூக்கும். ஒரே பருவம்தான் ஆயுசு. அதை மலையில் வைத்துப் படமெடுக்க இரண்டு வருடம் போய் வெறுங்கையோடு திரும்பினேன். ஒருமுறை மழை, மறுமுறை பூ முடிந்திருந்தது. 2008 நவம்பரில் மூன்றாவது முயற்சி.

மதுரையில் காலை ஐந்து மணிப் பேருந்து. தேனி வழியாகச் சின்னமனூர் சேரும்போது எட்டேகால். போக வர ஜீப்புக்கு 1,200 ரூபாய். ஓட்டியவர் சேசுராஜ், கோம்பைக்காரர். ஒன்றரை ஏக்கரில் சோளம் போட்டிருப்பதாகச் சொன்னார். பதினெட்டு கிலோமீட்டருக்கு ஒன்றரை மணி நேரம் ஆனது. அதைச் சாலை என்பதே ஒரு மரியாதைக்குத்தான்.

பாதையோரச் சரிவில் அரை மணி நேரம் தேடியதில் ஒரே ஒரு செடி, மூன்று பூவோடு. கேமரா ஸ்டாண்டை எடுக்க ஜீப்புக்குப் போய்த் திரும்பினால், செடி வேரோடு சேசுராஜ் கையில் இருக்கிறது. கோம்பைப் பக்கம் யார் சோளக்காட்டில் கண்டாலும் பிடுங்கிவிட்டுத்தான் நடப்பார்களாம். எனக்குச் சுர்ரென்று கோபம் வந்தது. ஆனால் பூ தேடி வந்ததாகச் சொன்னேனே தவிர, எந்தப் பூ என்று நான் சொல்லவில்லை.

விஷயம் தெரிந்ததும் அவர் முகம் வாடிவிட்டது. முக்கால் மணி நேரம் அலைந்து, மேலே பாறையோரம் இன்னொன்றை அவரே கண்டுபிடித்தார். நான் படமெடுத்து முடிக்கும்வரை கையைக் கட்டிக்கொண்டு தள்ளியே நின்றார்.

"எடுத்தாச்சா சார்? அப்ப இதப் பிடுங்கிரவா?"

இங்கே சோளம் ஏது, இருந்துவிட்டுப் போகட்டும் என்றேன்.

"விதை தூசி மாதிரி இருக்கும் சார். நம்ம கால்லயே கீழ வந்துரும். போன வருசம் எனக்குப் பாதிக் காடு போச்சு."

ஆனாலும் பிடுங்கவில்லை. ஜீப்புக்கு வந்ததும் என் ஷூவைக் கழற்றச் சொல்லி வாங்கி, கல்லில் தட்டினார். எனக்குக் கூச்சமாகப் போய்விட்டது.

போக நினைப்பவர்களுக்கு: மழை விட்டு ஒரு வாரம் கழித்துப் போங்கள். வழியில் கடை இல்லை, தண்ணீரும் சாப்பாடும் சின்னமனூரிலேயே வாங்கிக்கொள்ளுங்கள். எந்தப் பூ என்பதை ஓட்டுநரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள். செருப்பையும் பேன்ட் மடிப்பையும் மேலேயே உதறிவிட்டு ஏறுங்கள். உங்களை இறக்கிவிட்டு அந்த ஜீப் அவர் காட்டுக்குத்தான் போகிறது.