ஊரைக் கழித்துத் தேடியவள்

மாரிகுப்பத்தில் புறப்படும் காலை ரயிலில், ஜன்னலோரம் உட்கார்ந்துகொண்டு மற்றவர்களுக்கு வேண்டியதைத் தேடிக் கொடுப்பவள் அன்புச்செல்வி. வேலைக்கு மனுப் போட்டவர்கள் தங்களைப் பற்றிச் சொன்னதெல்லாம் மெய்தானா என்று இணையத்தில் துழாவிப் பார்ப்பது பெங்களூரில் அவளுக்கு உத்தியோகம். ஆபீசில் சம்பளத்துக்குச் செய்வதை ரயிலில் எங்களுக்கு இலவசமாகச் செய்வாள். திட்டும் இலவசம்.

நானும் வாங்கியிருக்கிறேன். முழங்கால் வலிக்கு ஒரு மாத்திரையைப் பற்றித் தெரிந்துகொள்ள, டாக்டரிடம் பேசுவது போல ஒரு பாரா எழுதித் தேடிக்கொண்டிருந்தேன். எட்டிப் பார்த்தாள்.

"இன்னாக்கா இது, லெட்டரா எழுதறீங்க? நீங்க இன்னா கேக்கணும்னு யோசிக்காதீங்க. பதில் எழுதி வெச்சவன் எந்த வார்த்தைய எழுதியிருப்பான்னு யோசிங்க. அதப் போடுங்க."

அவளுடைய வித்தை மொத்தமும் இதுதான் என்று நினைக்கிறேன். மற்றதெல்லாம் கைப்பழக்கம். சேர்ந்தே வரவேண்டிய சொற்களை மேற்கோள் குறிக்குள் போடுவாள். வேண்டாத சொல்லுக்கு முன்னால் இடைவெளி விடாமல் ஒரு மைனஸ். லூயிசா என்ற நர்சிங் மாணவி பழைய கேள்வித்தாள் கிடைக்காமல் அல்லாடியபோது, பல்கலைக்கழகத்தின் தளத்துக்குள் மட்டும், அதிலும் பிடிஎஃப் மட்டும் என்று கட்டுப் போட்டுத் தேடி, பங்காரப்பேட்டை வருவதற்குள் எடுத்துக் கொடுத்தாள். கோலார் தங்க வயல் என்கிற எங்கள் ஊரை, கே.ஜி.எஃப். என்று தட்டினால் அந்தப் பெயருள்ள சினிமாதான் முன்னால் வந்து நிற்கும். இங்கே இருக்கிற மனிதர்கள் வேண்டுமென்றால் சினிமாவைக் கழிக்க வேண்டும். அந்தக் கழித்தலைப் போடும்போது மட்டும் செல்வி கொஞ்சம் அழுத்தித் தட்டுவாள்.

மாலா அவளிடம் வந்தது தன் அண்ணனைத் தேட.

மாலாவுக்கு ஒயிட்ஃபீல்டில் ஒரு கேன்டீனில் வேலை. வீடு மைசூர் மைன்ஸ் லைனில், பழைய சுரங்கத் தொழிலாளர் குடியிருப்பு வரிசையில். அவள் அண்ணன் மனோகர், சுரங்கம் மூடிய பிறகு வேலை கிடைக்காமல் வீட்டிலேயே இருந்தவன். ஒரு மத்தியானம் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது அப்பா, "தண்டச்சோறு" என்றார். பாதித் தட்டில் எழுந்து போனவன்தான். அந்த வருஷங்களில் அந்தச் சொல்லைக் கேட்காத பிள்ளை எங்கள் ஊரில் யார்? எல்லோரும் கேட்டுக்கொண்டே சாப்பிட்டார்கள். இவனுக்கு ரோஷம் கூடுதல்.

இப்போது அப்பாவும் இல்லை. மாலாவின் புருஷனுக்கு ரயிலில் அலைந்து அலுத்துவிட்டது. பள்ளிக்கூடம் திறப்பதற்குள் பெங்களூருக்குக் குடிபோக வேண்டும் என்று அங்கே வீடும் பார்த்துவிட்டார். மாலா நகர மாட்டேன் என்கிறாள்.

"அவனுக்குத் தெரிஞ்ச அட்ரஸ் இந்த ஒரு வீடுதான் செல்வி. நாளைக்கு வந்து கதவத் தட்டனா யாரக் கேப்பான்?"

மாலாவும் தேடாமல் இல்லை. மனோகர், கே.ஜி.எஃப்., அப்பா பெயர் என்று வருஷக்கணக்காகத் தட்டியிருக்கிறாள். ஊரில் உள்ள மனோகர்கள் எல்லாரும் வந்தார்கள், அவனைத் தவிர.

"உங்கண்ணன் ஊரப் பத்திப் பேசுவாரா?" என்று செல்வி கேட்டாள்.

"எங்க பேசுவான்? ஊரே வேணாம்னுதான போனான். கே.ஜி.எஃப்.னு அவன் வாயில வராது."

"அப்ப நாம ஏன் அத போட்டுத் தேடறோம்?"

எனக்குச் சுருக்கென்றது. ஒருவன் எங்கே போனாலும் நமக்கு அவன் நம் ஊர்க்காரன்தான். அந்தப் பிடியை விட நமக்கு மனசு வராது. ஓடிப் போனவன் முதலில் கழற்றிப் போடுவதே ஊர்ப் பெயரைத்தான் என்பது எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை.

செல்வி வேறு வழியில் போனாள். அவன் விடாத வார்த்தை எது? மாலா யோசித்து யோசித்துச் சொன்னாள். அப்பா இறங்கி வேலை செய்த சுரங்கக் குழிக்குப் பெயர் எட்கர் ஷாஃப்ட். மனோகர் வளர்த்த நாய்க்கும் எட்கர் என்றுதான் பெயர். அப்பாவை வெறுப்பேற்ற வைத்த பெயர். அப்பாவுக்கு அது பிடித்துப் போய்விட்டது.

செல்வி எட்கரை மேற்கோளுக்குள் வைத்தாள். கே.ஜி.எஃப்., கோலார், தங்கம், சுரங்கம் எல்லாவற்றையும் கழித்தாள். கூடவே ஒரு தொழிலைச் சேர்த்தாள். வெல்டிங், ஒர்க்‌ஷாப், லாரி என்று ஒவ்வொன்றாக மாற்றிப் பார்த்தாள். பல நாள் வீணாகப் போனது. பிறகு டிபன் என்று போட்டாள். மகாராஷ்டிரத்து ரத்னகிரியில் ஒரு எட்கர் டிபன் சென்டர் வந்தது. யாரோ தின்றுவிட்டுப் படம் போட்டிருந்தார்கள். தோசைக்கல்லுக்குப் பின்னால் வழுக்கைத் தலையோடு ஒருவர்.

மாலா போனை வாங்கிப் பார்த்தாள். "முடி போயிருக்குது. முழி அதேதான்" என்றாள். தண்டச்சோறு என்று கேட்டு எழுந்தவன் ஊருக்குச் சோறு போட்டுக்கொண்டிருக்கிறான். எனக்கு அழுகை வந்தது, மறைக்கவில்லை.

அந்தப் பக்கத்தில் போன் நம்பர் இல்லை. அன்றைக்கே ரத்னகிரிக்கு வண்டியேறத் துடித்தாள் மாலா. செல்வி தடுத்தாள்.

"ஒளிஞ்சிருக்கிறவரக் கண்டுபிடிக்கறதுதான் என் வேலை. வெளிய வர்றது அவர் இஷ்டம்கா. முதல்ல சொல்லி அனுப்பலாம்."

அந்தப் பக்கத்தில் கடைப் பெயருக்குக் கீழே கருத்து எழுதும் இடத்தில், மாலா சொல்லச் சொல்லச் செல்வி தமிழில் தட்டினாள். அப்பா போய்விட்டார். நீ எழுந்த தட்டை அன்றைக்கு அவரே கழுவினார். அந்த வார்த்தையை அப்புறம் யாரையும் சொல்லவில்லை. என் வீட்டுக்காரர் பெங்களூரில் புது வீடு பார்த்துவிட்டார், நான் உனக்காக இங்கேயே உட்கார்ந்திருக்கிறேன். கடைக்கு எத்தனை நட்சத்திரம் என்று கேட்டது அந்தப் பக்கம். "அஞ்சும் குடு" என்றாள் மாலா.

பதில் வரவில்லை. மாலாவின் புருஷன் அட்டைப்பெட்டிகள் வாங்கி வந்துவிட்டார்.

ஒருநாள் காலை செல்வி அதே தேடலைப் போட்டாள். கடை வரவில்லை. மறுபடி போட்டாள். இல்லை.

"மூடிட்டு ஓடிட்டான்," என்றாள் மாலா. "நான்தான் துரத்திட்டேன்." செல்விக்கும் முகம் செத்துவிட்டது. அவள் அப்படி உட்கார்ந்து நான் பார்த்ததில்லை.

மாலா தன் போனை எடுத்து, பழக்க தோஷத்தில் பழையபடியே தட்டினாள். மனோகர், கே.ஜி.எஃப். கூடவே எட்கர் என்றும்.

வந்துவிட்டது. 'எட்கர் டிபன் சென்டர், கே.ஜி.எஃப். மனோகர்'. கீழே ஒரு நம்பர். கழித்த ஊரை அவனே கடைப் பெயரில் திரும்பச் சேர்த்துக்கொண்டதால்தான் செல்வியின் தேடலில் விழாமல் போயிருக்கிறான்.

மாலா போனைச் செல்வியிடம் நீட்டினாள். செல்வி நம்பரைத் தொட்டு, ஸ்பீக்கரில் போட்டாள். தோசைக்கல் சத்தம். மாலா தன் பேரைச் சொன்னாள். அந்தப் பக்கம் அடுப்பை அணைக்கிற சத்தம் கேட்டது.

"மாலா," என்றது குரல். "எனக்காக அந்த வீட்ல உக்காந்திருக்காத. புது வீட்டு அட்ரஸ் சொல்லு, அங்க வரேன்."

மாலா முழித்தாள். போகவே மாட்டேன் என்று இருந்தவள் அந்த வீடு எந்தத் தெருவில் என்றுகூடப் புருஷனைக் கேட்டு வைக்கவில்லை. போனைப் பொத்திக்கொண்டு, கண்ணும் மூக்கும் ஒழுகச் செல்வியைப் பார்த்தாள்.

"செல்வி, என் வீடு எங்க கீதுன்னு கொஞ்சம் தேடிச் சொல்லேன்."