லொக்கடியில அவிச்ச கிழங்கு

நான் பேய் பிசாசு நம்புற ஆள் இல்லை, அதை முதலே சொல்லிப்போட்டுத்தான் தொடங்குறன். வன்னியில இடம்பெயர்ந்து திரிஞ்ச காலத்தில செத்த ஆக்களுக்குப் பக்கத்திலயே படுத்தெழும்பினனான், ஒருத்தரும் எழும்பி வந்து என்னோட கதைக்கேல்லை. இப்ப இருக்கிற குட்மேய்ஸில பக்கத்து வீட்டுக்காரர் கண்ணூறுக்கு வாசல்ல தேசிக்காய் வெட்டினாலே பகிடி பண்ணுறவன் நான். நம்பினா நம்புங்கோ, விட்டா விடுங்கோ.

போன ஈஸ்டர் லீவுக்கு நானும் மனிசி வாசுகியும், ஒன்பது வயது மகள் நிலாவும், வாசுகியின்ர தம்பி சேகரும் ஒரு போட் வாடைக்கு எடுத்தம். கால்வாயில போற அந்த ஒடுங்கின நீட்டுப் போட்தான், உள்ளுக்கே கட்டில், அடுப்பு எல்லாம் இருக்கும். சேகர் பிரான்சில இருந்து வந்து இஞ்ச கட்டட வேலை செய்யிறவன், ஆள் மலை மாதிரி, ஆனா ஒரு நாளும் குரல் உயர்த்திக் கதைச்சதில்லை. நிலாவுக்கு முழங்கால் உரஞ்சினாலும் அவன்தான் முதல்ல கண்கலங்குவான்.

வெள்ளிக்கிழமை லீ கால்வாய்க் கரையால நடந்து காட்டு உள்ளி இலை பிடுங்கி வறை வறுத்தம். நடந்துபோன வெள்ளைக்காரர் நிண்டு மணந்து பாத்திட்டுப் போச்சினம், எனக்குப் புழுகம் தாங்கேல்லை. சனிக்கிழமை தண்ணி ஏத்தி இறக்கிற லொக்குக்குக் கிட்டப் போட்டைக் கட்டியிருக்கேக்க, கரை இடிஞ்ச இடத்தில கொத்துக் கொத்தா வெள்ளைக் கிழங்கு தெரிஞ்சுது, எங்கட சிறுகிழங்கு மாதிரி. "தெரியாத சாமான், விடுங்கோப்பா" எண்டா வாசுகி. "காட்டில மாசக்கணக்கா இலையும் கிழங்கும் திண்டு தப்பின எனக்கு நீர் படிப்பிக்கிறீரோ" எண்டு பேசிப்போட்டுக் கழுவி அவிச்சன்.

சேகர் முன்னறையில நல்ல நித்திரை. அவன் அந்தக் கிழங்கைக் கண்ணால காணவே இல்லை, இதை ஞாபகம் வைச்சிருங்கோ.

நல்ல மத்தியான வெய்யில். நிலா ஒரு துண்டை வாயில வைச்சு "இனிக்குதப்பா" எண்டாள். சேகர் கதவை உடைச்சுக்கொண்டு வந்தான், கையில லொக் திறக்கிற இரும்புக் கைபிடி. முதலடி என்ர இடக்கையில, எலும்பு முறிஞ்ச சத்தம் எனக்கே கேட்டுது. அடுத்த அடியில சட்டியும் கிழங்கும் தரை முழுக்க. பிறகு நிலாவின்ர கழுத்தைப் பிடிச்சுச் சுவரோட சாத்தி, மற்றக் கையை வாய்க்குள்ள விட்டான், பிள்ளை திணறித் திணறிச் சத்தி எடுக்குது. வாசுகி அவன்ர தோளை ரத்தம் வரக் கடிச்சா. அவன் அசையேல்லை.

நான் கீழ கிடந்த கைபிடியை எடுத்து அவன்ர தலையில அடிச்சன், எத்தினை தரம் எண்டு தெரியாது. கொல்லத்தான் அடிச்சன், உங்களிட்ட மறைக்க என்ன இருக்கு. அவன் ரத்தம் வழிய வழியத் திரும்பி, ஆறுதலாக் கேட்டான்.

"சின்னண்ணை, இவளும் ஷெல் விழுந்து செத்தவள் எண்டோ சொல்லப்போறாய்?"

சேகர் என்னை அத்தான், நீங்கள் எண்டுதான் கதைக்கிறவன். சின்னண்ணை எண்டு கூப்பிட்டது என்ர தங்கச்சி மலர் ஒருத்திதான். அப்ப அவள் நிலாவிலும் சின்னவள். இடம்பெயரேக்க நானும் அவளும் மற்றவையைத் தவறவிட்டிட்டம். பசி. நான் காட்டில கிண்டின கிழங்கை, எனக்கு வைக்காமல் முழுக்க அவளுக்குக் குடுத்தன். விடியுறதுக்குள்ள வலிப்பு வந்து செத்துப்போனாள். நான்தான் தனியத் தாட்டனான். அம்மாவிட்ட ஷெல் எண்டு சொன்னன். வாசுகிக்கும் அதுதான் தெரியும். அப்ப ஏன் திரும்பக் கிழங்கு கிண்டினனீங்கள் எண்டு கேப்பியள். அந்தப் பொய்யைச் சொல்லிச் சொல்லி எனக்கே அது உண்மையாப் போச்சு, வேற என்ன சொல்ல.

சேகர் அப்பிடியே விழுந்தான். கண் முழிச்சவன், "அத்தான், ஏன் என்னை அடிச்சனீங்கள்?" எண்டு அழுதான். சத்தம் கேட்டுப் பக்கத்துப் போட்டில இருந்து ஓடிவந்த வெள்ளைக்கார மனிசி, தரையில கிடந்த கிழங்கைக் கண்டவுடன கத்தினா, மாடே திண்டாச் சாகிற நஞ்சாம் அது. அம்புலன்ஸ் வந்துது.

நிலா தப்பிட்டாள். சேகருக்குத் தலை நிறையத் தையல், லொக் படியில வழுக்கி விழுந்தனான் எண்டு எனக்காகப் பொய் சொன்னான். "ஆரப்பா சின்னண்ணை?" எண்டு வாசுகி கேட்டா. மயக்கத்தில உளறினவன் எண்டன். ஆஸ்பத்திரியில நேர்ஸ் நிலாவின்ர கழுத்தில இருந்த விரல் அடையாளத்தைப் பாத்திட்டு, போட்டில வேற சின்னப் பிள்ளையள் இருந்தவையோ எண்டு கேட்டா. நான் கிட்டப் போய் என்ர சுண்டுவிரலை வைச்சுப் பாத்தன். அந்த அடையாளத்துக்கு அதுவும் பெரிசு.

போன மாசம் மலரின்ர திவசம், அம்மா தான் இருக்கிற பிளேஸ்டோ வீட்டில விளக்கேத்தினவ. மலர் எப்பிடிச் செத்தவள் எண்டு நிலா கேட்டாள், அம்மா என்னைப் பாத்தா. "ஷெல்" எண்டு நான் சொல்லி வாய் மூடேல்லை, நிலா கழுத்தைப் பிடிச்சுக்கொண்டு ஓங்காளிச்சாள். அண்டையில இருந்து அந்தச் சொல்லை நான் வீட்டில எடுக்கிறேல்லை. அம்மாவுக்கு உண்மையை இன்னும் சொல்லவும் இல்லை.