கார் வராத கார் பார்க்கும் நானூறு பேர் சாப்பாடும்

ஃபுட்போல் மச் தொடங்க இருபது நிமிடம் இருந்தது. மைதானத்து இருக்கைகளில் பதினொரு பேர் இருந்தார்கள். நம்பாமல் இன்னொரு தரம் எண்ணினேன். எண்ணிக்கொண்டிருக்கும்போதே ஒருவர் எழும்பிக் கார் பார்க் பக்கம் போனார். பத்து.

மற்றவர்கள் வராமல் விடவில்லை. மதிலுக்கு அந்தப் பக்கம், கார் பார்க்கில், கையில் தட்டோடு இருநூறு பேருக்கு மேல் நின்றார்கள். அவர்களை அங்கே வரவழைத்தது நான். உள்ளே கூட்டி வர வழி தெரியாமல் நின்றதும் நான்தான்.

நிகழ்ச்சி ஒழுங்கமைக்கும் வேலைக்கு வர விரும்புகிற தம்பி தங்கைகள் சிலர் என்னிடம் அனுபவம் கேட்கிறார்கள். வேறு எதையும் சொல்லுமுன் அந்தச் சனிக்கிழமையைச் சொல்லிவிடுகிறேன்.

1. தெரியும் என்று சொன்ன நாள்

இரண்டாயிரமாம் ஆண்டுகளின் நடுப்பகுதி. லண்டனில் இருந்த கனடாக்காரர்கள் சேர்ந்து இல்ஃபோர்ட்டுக்குக் கிட்ட ஒரு ஃபுட்போல் கழகம் நடத்தினார்கள். நாங்கள் பார்க்கிற, காலால் உதைக்கிற ஆட்டம் அல்ல. முட்டை வடிவப் பந்தைத் தூக்கிக்கொண்டு ஒருவன் ஓட, அவனை நாலு பேர் பாய்ந்து விழுத்துகிற ஆட்டம். ‘அமெரிக்கர் ஆடுவதுதானே’ என்று கேட்டால் அவர்களுக்குக் கோபம் வரும். கனடா ஆட்டத்தில் பக்கத்துக்குப் பன்னிரண்டு பேர், மைதானமும் பெரிது, பத்து யார் தூரம் முன்னேற மூன்று வாய்ப்புத்தான். இதையெல்லாம் முதல் கிழமையே பாடமாக்கிவிட்டேன். பாடமாக்குவது எனக்கு வரும். எங்கள் குடும்பத்தில் ஒழுங்காகப் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான்.

ஒபிஸ் வேலைக்குப் போன முதல் ஆளும் நான்தான். அம்மா இல்ஃபோர்ட் கடைத்தெருவில் காண்கிறவர்களிடமெல்லாம் சொல்லி வைத்திருந்தார். ஆறு மாதத் தவணைக்குத்தான் எடுத்திருக்கிறார்கள் என்பதை மட்டும் நான் அம்மாவிடம் சொல்லவில்லை.

முகாமையாளர் ஹெதர், கனடாவின் நடுப்பகுதியிலிருந்து வந்தவர். அவர் பேசியது ஆங்கிலம். என் காதில் விழுந்த தமிழில் எழுதுகிறேன். முதல் நாளே கேட்டார்:

“டெயில்கேட்டிங் எண்டால் என்னெண்டு தெரியும்தானே, ரமணன்?”

“ஓம், நல்லாத் தெரியும்.”

தெரியாது. பரீட்சையில் ஒரு கேள்வியையும் எழுதாமல் விடக்கூடாது என்று பழகிய புத்தி அது.

அன்று பின்னேரம் நூலகத்துக் கம்பியூட்டரில் குந்தி, டெயில்கேட்டிங் என்றால் என்னவென்று தேடினேன். மச்சுக்கு இரண்டு மூன்று மணி நேரம் முன்பே இரசிகர்கள் கார் பார்க்குக்கு வருவார்கள். காரின் பின்கதவைத் திறந்து, அங்கேயே இறைச்சி வாட்டி, பக்கத்துக் கார்க்காரருக்கும் கொடுத்துத் தாங்களும் சாப்பிட்டு, ஒரு கூட்டமாக உள்ளே போவார்கள். லண்டனில் அதைத் தொடக்கி வைப்பதுதான் என் வேலை. ஒன்பது பக்கத்தில் திட்டம் எழுதினேன். எந்தக் கார் எங்கே நிற்க வேண்டும் என்று நாலு நிறத்தில் படமும் கீறினேன்.

ஹெதர் திட்டத்தைப் புரட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: “சீசனின்ரை முதல் மச்சுக்கு ஸ்பொன்சர் வாறார். கிக்-ஓஃப், மச் தொடங்கிற நேரம், இருக்கையிலை இருநூறு பேர் இருக்கவேணும். இருந்தால் கழகத்துக்கு அடுத்த சீசன் இருக்கு, உனக்கு நிரந்தர வேலை இருக்கு. இல்லாட்டி நீயும் நானும் சேர்ந்து வேலை தேடுவம்.”

2. காரும் இல்லை, நெருப்பும் இல்லை

பதிவு செய்த இரசிகர்களுக்கு ஒவ்வொருவராக ரெலிபோன் எடுத்து, என்ன கார், என்ன நிறம் என்று கேட்டேன். எல்லாரும் ஒரே பதிலைச் சொன்னார்கள்: “ரெயினிலை வாறன்.” லண்டனில் சனிக்கிழமை பாதாள ரெயில் இருக்கும்போது யார் கார் எடுப்பார்கள்? அரைவாசிப் பேரிடம் காரே இல்லை. ஒன்பது பக்கத் திட்டமும் கார் என்ற ஒரு பொருளின் மேல் நின்றது.

மச்சுக்கு நாலு நாள் இருக்கும்போது மைதானக் காவலர் பிரையன் வந்தார். நகரசபைக் கவுன்சில் ஆள், புல்லைத் தன் பிள்ளையைப் போல் பார்ப்பவர்.

“நெருப்பு மூட்டப் போறியளாம்?”

“சின்ன அடுப்புத்தான்.”

“தீப்பெட்டி உரசின சத்தம் கேட்டாலே கேட்டைப் பூட்டிப்போட்டு வீட்டை போயிடுவன்.”

பின்கதவு திறக்கிற வாகனம் வேண்டும். அங்கே சமைக்காத, ஆனால் சூடான சாப்பாடு வேண்டும். அன்றிரவு யோசித்ததில் ஓர் ஆள்தான் ஞாபகத்துக்கு வந்தார். குகன் அண்ணை. பாரிஸில் ஒரு றெஸ்ரோறன்ற் குசினியில் பல வருடம் நின்றுவிட்டு இல்ஃபோர்ட்டுக்கு வந்து, மனைவி செல்வி அக்காவோடு கலியாண வீடுகளுக்குச் சாப்பாடு செய்து கொடுப்பவர். மூன்று வான் வைத்திருந்தார். மண்டபம் எவ்வளவு தூரமாக இருந்தாலும் சூடு ஆறாமல் கொண்டுபோகிற ஹொட் பொக்ஸ்களும் இருந்தன.

“எத்தினை பேர் தம்பி?”

“இருநூறு அண்ணை.”

“சரி, நானூறு பேருக்குச் செய்யிறன்.”

“இல்லை அண்ணை, இருநூறு.”

“கேட்டது விளங்கினது. சாப்பாடு காணாமல் போச்சுதெண்டால் நான் பிறகு இல்ஃபோர்ட்டிலை தலை காட்ட ஏலாது. வெள்ளையள் சாப்பிடுவினமோ?”

“தெரியும் அண்ணை, நல்லாச் சாப்பிடுவினம்.” அதுவும் எனக்குத் தெரியாது.

3. வேண்டாம் என்றால் என்ன அர்த்தம்

பதினொரு மணிக்கு மூன்று வான்களும் பின்கதவைத் திறந்துகொண்டு வரிசையாக நின்றன. மட்டன் ரோல்ஸ், கட்லற், இடியப்பக் கொத்து, கோழிக்கறி. ரெயினால் இறங்கிச் சிவப்புச் சட்டையோடு வந்தவர்கள் மணத்துக்கு நின்றார்கள். ஹெதர் என் முதுகில் தட்டி, “இதுதான் டெயில்கேட்!” என்றார். பன்னிரண்டரை வரைக்கும் உலகத்தில் என்னைவிடச் சந்தோஷமான ஆள் இல்லை.

கிக்-ஓஃப் இரண்டு மணிக்கு. ஒரு மணிக்குப் பிறகுதான் கவனித்தேன். யாரும் நகரவில்லை.

செல்வி அக்காவின் வானுக்கு முன்னால் நின்ற, முகம் சிவந்த உயரமான மனிதர் ஒருவரைப் பார்த்து விஷயத்தை விளங்கிக்கொண்டேன். அவர் தட்டைத் துடைத்தது போல் வெறுமையாக்கிவிட்டு, நன்றி சொல்லி, சாப்பிட்டு முடிந்தது என்று காட்ட அதை நீட்டினார். எங்கள் ஆட்களுக்கு வெறும் தட்டு என்றால் இன்னும் பசி. அக்கா இரண்டு அகப்பை கொத்துப் போட்டார்.

“ஓ, சொறி, நோ, நோ, ஐ ஆம் ஃபைன்.”

“பாவம், வெக்கப்படுறார்,” என்று அக்கா அதற்கு மேல் ஒரு ரோல்ஸை வைத்தார்.

கொடுத்ததை மிச்சம் விடுவது மரியாதை இல்லை என்று அந்த மனிதர் அதையும் முடித்தார். மறுபடி வெறும் தட்டு. மறுபடி கொத்து. கனடாக்காரருக்கு ஒருவரின் முகத்தைப் பார்த்து இல்லை என்று உறுதியாகச் சொல்ல வராது. யாழ்ப்பாணத்தாருக்கு முதல் மூன்று ‘வேண்டாம்’ காதில் விழாது. இந்த இரண்டு மரியாதைகளையும் ஒரே கார் பார்க்கில் சேர்த்து வைத்தவன் நான். நெருப்பு வேண்டாம் என்று வந்த பிரையன்கூட ஒரு வாளியைக் கவிழ்த்துப்போட்டு அதன்மேல் குந்தி, நாலாம் தட்டில் இருந்தார்.

குகன் அண்ணையிடம் ஓடினேன். “அண்ணை, பெட்டியளை மூடுங்கோ. மச் தொடங்கப் போகுது.”

“உனக்கென்ன விசரோ? தட்டோடை நிக்கிற சனத்தின்ரை முகத்துக்கு முன்னாலை மூடியைப் போடுறதோ? அவை போதுமெண்டு சொல்லட்டும், மூடுறன். ஒருத்தரும் இன்னும் சொல்லேல்லையே!”

ஹெதர் மைதானத்துக்குள்ளிருந்து ஓடி வந்தார். “உள்ளை பத்துப் பேர்! ஸ்பொன்சரையும் காணேல்லை! என்ன செய்யப் போறாய்?”

திட்டத்தின் ஒன்பது பக்கத்திலும் இதற்கு விடை இல்லை. ஆனால் குகன் அண்ணை சொன்னதில் இருந்தது. இருநூறு பேரும் போதும் என்று இரண்டு மணி நேரமாகச் சொல்லிக்கொண்டுதான் நின்றார்கள். அக்காவுக்குக் கேட்கிற மாதிரிச் சொல்லவில்லை. ஹெதரின் கையிலிருந்த ஒலிபெருக்கியை வாங்கினேன். அவர் ஸ்பொன்சரைத் தேடித் திரும்பி உள்ளே ஓடினார். நான் பிரையனை எழுப்பி, அவருடைய வாளியின் மேல் ஏறினேன்.

“தயவுசெய்து எல்லாரும் கேளுங்கோ. தட்டை முடிக்காதேங்கோ! கொஞ்சம் மிச்சம் விடுங்கோ. ஒரு கையை விரிச்சுத் தட்டை மூடுங்கோ. பரிமாறுறவையின்ரை முகத்தைப் பாத்துச் சொல்லுங்கோ: போதும் அக்கா!”

முகம் சிவந்த மனிதர்தான் முதலில் செய்தார். அகலமான கையைத் தட்டின்மேல் விரித்து, பரீட்சைக்கு வந்தவர் போல், “போ-தும் அக்-கா,” என்றார். செல்வி அக்காவின் அகப்பை அந்தரத்தில் நின்றது.

பக்கத்தில் நின்றவர் சொன்னார். அதற்குப் பக்கத்தில் நின்றவர் சொன்னார். பிறகு கார் பார்க் முழுவதும் ஒன்றாகக் கத்தியது. குகன் அண்ணையையும் “அக்கா” என்றார்கள். அவர் அதைக் கணக்கெடுக்காமல் மூடியைப் போட்டார்.

“ஐயோ தம்பி,” என்றார் செல்வி அக்கா, “அப்ப இவ்வளவு நேரமும் ஏலாமலே சாப்பிட்டவை?”

“உங்கடை மனம் நோகக்கூடாதெண்டு அக்கா.”

“நானும் அவையின்ரை மனம் நோகக்கூடாதெண்டெல்லே போட்டனான்!”

4. எண்ணிக்கை

அப்படியும் நேரத்துக்கு முடியவில்லை. கிக்-ஓஃப் ஆனபோது முப்பது பேர்தான் உள்ளே இருந்தார்கள். மிச்சப் பேர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு படியேறிக்கொண்டிருந்தார்கள். அம்மாவிடம் என்ன சொல்வது என்று நான் யோசிக்கத் தொடங்கிவிட்டேன்.

கடைசியாகப் படியேறி வந்தவர் முகம் சிவந்த மனிதர். ஹெதர் அவரைக் கண்டதும் நிமிர்ந்தார். அவர்தான் ஸ்பொன்சர்.

“கிக்-ஓஃப் நேரம் எத்தினை பேர் இருந்தவை எண்டு எனக்குத் தெரியாது, ஹெதர்,” என்று மூச்சு வாங்கினார். “நான் உள்ளை இல்லையே.” பிறகு நிறைந்திருந்த இருக்கைகளை ஒரு சுற்றுப் பார்த்துவிட்டு, இரண்டு இருக்கையை அடைத்துக்கொண்டு சாய்ந்தார்.

இரண்டாம் பாதியில் எதிர் அணி தங்கள் மூன்றாவது வாய்ப்பில் திணறி நின்றபோது, எங்கள் பக்கம் இருநூறு கைகள் தட்டை மூடுவது போல் விரிந்தன. “போதும் அக்கா!” என்று மைதானம் அதிர்ந்தது. எதிர் அணிக்காரன் ஒருவன் திரும்பிப் பார்த்துப் பந்தை நழுவவிட்டான். அப்படியிருந்தும் நாங்கள் தோற்றோம்.

ஸ்பொன்சர் அடுத்த சீசனுக்கும் ஒப்புக்கொண்டார். திங்கட்கிழமை ஹெதர் நிரந்தர வேலைக் கடிதத்தை மேசையில் வைத்தார். கையெழுத்துப் போடுமுன் உண்மையைச் சொன்னேன். “முதல் நாள் கேட்டனீங்களே, டெயில்கேட்டிங். எனக்கு அப்ப ஒண்டும் தெரியாது.”

“அது எனக்கு அண்டைக்கே தெரியும்,” என்றார் ஹெதர். “கேள்வி முடிஞ்ச கையோடை தெரியும் எண்டு சொன்னனி. எனக்கும் வேறை ஆளில்லை.”

ஆகவே தம்பி தங்கைகளே, தெரியாததைத் தெரியாது என்று முதல் நாளே சொல்லிவிடுங்கள். நூலகத்துக்குப் போகிற நேரமாவது மிஞ்சும். எந்தத் திட்டத்திலும் எப்படித் தொடங்குவது என்று எழுதுவதோடு நிற்காமல், யார், எப்போது, எப்படி நிறுத்துவது என்றும் எழுதுங்கள். அடுத்த மச்சுக்கு நான் எழுதினேன். ஒரே பக்கம். ‘ஒன்றரைக்குப் போதும் அக்கா’ என்று மேலே பெரிதாகப் போட்டு, நுழைவாயிலில் ஒட்டி, எல்லாருக்கும் கையை விரித்துக் காட்டியும் விட்டேன்.

செல்வி அக்காவும் ஆயத்தமாகத்தான் வந்திருந்தார். ஒரு கையால் மூட முடியாத அளவுக்கு அகலமான தட்டுகளை எங்கேயோ தேடிப் பிடித்து வாங்கி வந்திருந்தார்.