லாபிர் நானாவின் சஹன்

என் அண்ணன் லாபிர் நானாவைப் பைத்தியம் என்று எங்கள் ஊர் அலுவிகாரையில் இன்னும் எவராவது சொல்வதாக இருந்தால், என் முகத்துக்கு நேரே வந்து சொல்லட்டும். மிளகு காயவைத்து விற்றுப் பெண்பிள்ளையை வளர்த்துக் கட்டிக்கொடுத்த மனுஷன் அவர்.

இளவயதில் அவருக்கு மட்டும் குரல்கள் கேட்டன. பெயர் சொல்லித் திட்டும் குரல்கள். கிளினிக்கில் ஹலோபெரிடோல் என்ற மாத்திரை கொடுத்தார்கள். பழைய காலத்து மருந்துதான். ஆனாலும் குரல்களை அடக்கிவிட்டது. கொஞ்சம் கொஞ்சமாகக் கை மட்டும் நடுங்கத் தொடங்கியது. அதுவும் அந்த நோயோடு சேர்ந்தது என்றே நினைத்துக்கொண்டோம்.

எங்கள் கல்யாணங்களில் சஹன் சாப்பாடு. பெரிய தட்டு நிறையச் சோறும் கோழியும் வைத்து, ஆறு பேர் சுற்றி உட்கார்ந்து ஒன்றாகச் சாப்பிடுவோம். ஒரு கல்யாணத்தில் நானாவின் கை நடுங்கி, அவர் எடுத்த சோறு பக்கத்தில் இருந்த மாமி மகன் முஹம்மது மச்சானின் பக்கம் சிதறிவிட்டது. மச்சான் எழுந்து வேறு சஹனுக்குப் போய்விட்டார். மற்றவர்களும் மெல்ல நழுவினார்கள். ஆறு பேர் சோற்றின் முன்னால் நானா தனியாக இருந்தார்.

அவருடைய மகள் றிஸ்னாவுக்குக் கல்யாணம் பேசி முடித்த பிறகு, நானாவின் கை திடீரென்று நன்றாக இருந்தது. நானும் சந்தோஷப்பட்டேன். பிறகு தூக்கம் போனது. ஒருநாள் மிளகுப் பாயின் நடுவே காதைப் பொத்திக்கொண்டு நின்றார்.

"றுக்ஸானா, சஹன்ல நஞ்சு வைக்கப் போறாங்களாம். சொல்றாங்க."

மருந்து போடுகிறாரா என்று தேடிப் பார்த்தால், கராம்புப் போத்தலுக்குள் அத்தனை மாத்திரையும் கிடக்கிறது!

"யா அல்லாஹ்! என்ன வேலை நானா இது?" என்று கத்தினேன்.

"கை நடுங்கினா எம் மகள்ட கல்யாணத்துல யாரு என்னோட உக்காருவாங்க?" என்று அழுதார். எனக்கும் அழுகை வந்துவிட்டது.

மறுநாளே கிளினிக்குக்கு இழுத்துக்கொண்டு போனேன். டயனா டொக்டர் அவருடைய கையைப் பிடித்துப் பார்த்தார்.

"இந்த நடுக்கம் மருந்தால வாறது. அத என்கிட்ட சொல்லியிருக்கலாமே? நீங்களா மருந்த நிப்பாட்டக் கூடாதுங்க."

முதலில் மருந்தைத் திரும்பத் தொடங்கிக் குரல்களை அடக்கினார். பிறகு அளவைக் குறைத்து, நடுக்கத்துக்கு வேறொரு சின்ன மாத்திரை சேர்த்தார். கல்யாணத்துக்குள் சரிவருமா என்று நான் துஆக் கேட்காத தொழுகை இல்லை.

கல்யாண நாள் வந்தது. பெண்கள் பக்கத்துத் திரையை விலக்கிப் பார்த்துக்கொண்டே இருந்தேன். மாப்பிள்ளை நப்லான், "மாமா, நீங்க எங்க சஹனுக்கு வாங்க" என்று நானாவைக் கூப்பிட்டார். தங்கமான பிள்ளை! ஐந்து பேர் உட்கார்ந்துவிட்டார்கள். ஓர் இடம் மிச்சம். முஹம்மது மச்சான் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு ஓரமாக நின்றார். நானாக இருந்தால் அப்படியே நிற்கட்டும் என்று விட்டிருப்பேன்.

"மச்சான், இடம் ஈக்கி. வந்து உக்காருங்க" என்றார் நானா.

கோழியைப் பிய்த்துப் பங்கு வைத்ததும் நானாதான். விரல் லேசாக ஆடியது. ஆனால் ஒரு பருக்கை சிந்தவில்லை. முதல் துண்டை மச்சான் பக்கம் வைத்தார். மச்சான் எடுத்துச் சாப்பிட்டார். "அல்ஹம்துலில்லாஹ்!" என்று நான் போட்ட சத்தத்தில் பெண்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். பார்க்கட்டுமே!

சாப்பிட்டு முடிந்ததும் நானா சட்டைப் பையிலிருந்து மாத்திரையை எடுத்தார். ஒளிக்கவில்லை. சபை முழுக்கப் பார்த்துக்கொண்டிருந்தது.

"என்ன மச்சான் அது?" என்று கேட்டார் முஹம்மது மச்சான்.

"என்ட மருந்து. இது இல்லாட்டி இன்டைக்கி நான் இங்க இல்ல."

முஹம்மது மச்சான் எழுந்து போய்த் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார்.