வேலியோரம் போனவன்

"என் காலுதான் நொண்டுது. வண்டி நொண்டல" என்று லுட்விக் ஸ்கிபா கோச் தெயோஃபிலின் மூஞ்சிக்கு நேரே எரிந்து விழுந்தான். பதினாலு பந்தயம் முடிந்து ஒன்றே ஒன்று பாக்கி. நாலாவது வளைவில் தடுப்புக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்ற அவன் பெண்டாட்டி யாத்விகாவுக்கே அது கேட்டது. போலந்தில் அந்த ரிப்னிக் ஊரில் பாதிப் பேருக்குக் கேட்டிருக்கும்.

இந்தக் காலோடு ஏறாதே என்று தடுத்த கோச்சைக் குறை சொல்ல முடியாது. லுட்விக்குக்கு நாற்பது வயது. பதினாறு வயதில், சுரங்கத்துக்கு வேலைக்குப் போ என்று அப்பன் துரத்த, இவன் மண் தடத்தில் ஓட்டும், பிரேக்கே இல்லாத பந்தய மோட்டார் சைக்கிளில் ஏறி உட்கார்ந்தான். அன்றிலிருந்து இடது பக்கமாகவே திரும்பித் திரும்பி, உடையாத எலும்பு எது என்று கேட்டால்தான் பதில் சுருக்கமாக வரும். தொடைக்குள் இரும்புத் தகடு. கல்யாணத்துக்குக் கழுத்தில் பட்டையோடு வந்து நின்றவன் அவன். "இவன முழுசா ஒருநாள் பாத்திருக்கியாடி?" என்று யாத்விகாவின் அம்மா கோயில் வாசலிலேயே கேட்டாள்.

இந்தக் கடைசிப் பந்தயத்தில் லுட்விக் முதலில் வந்தால் கிளப் முதல் பிரிவில் தங்கும். இல்லாவிட்டால் கீழே இறங்கும். கீழே இறங்கிய கிளப் நாற்பது வயதுக்காரனை வைத்துச் சோறு போடாது. அவனுக்கு வேறு தொழிலும் தெரியாது.

ஏறித் தொலை என்று கோச் கடைசியில் விட்டுவிட்டார். கிடைத்ததோ வெளிப்புறக் கோடி இடம்.

புறப்படும் கோட்டில் குறுக்கே கட்டியிருந்த நாடா மேலே பறந்தது. மற்ற மூன்று பேரும் உள்பக்கத்து வழவழப்பான தடத்தைப் பிடித்தார்கள். தூரம் குறைவு, எவனும் அதைத்தான் பிடிப்பான். பதினாலு பந்தயச் சக்கரங்கள் வாரியடித்த மண்ணெல்லாம் வெளியே வேலியோரம் குவிந்து கிடந்தது. டயர் கடிக்க அங்கேதான் மண் இருந்தது. ஒரு சாண் தவறினால் வேலிப் பலகைதான். லுட்விக் அங்கே போனான்.

யாத்விகா எப்போதும் காதால்தான் பந்தயம் பார்ப்பாள். வளைவில் எவன் பயந்து கையைத் தளர்த்துகிறான் என்று சத்தமே சொல்லிவிடும். மூன்று வண்டிகள் விக்கின. ஒன்று விக்கவே இல்லை. அன்றைக்கு அவள் கண்ணையும் திறந்து வைத்திருந்தாள். பின்சக்கரம் பலகையை உரசிச் சாயத்தை உரித்துக்கொண்டு போயிற்று. இரண்டாம் சுற்றில் ஒருவன், மூன்றாம் சுற்றில் ஒருவன், கடைசி வளைவில், அவள் முகத்துக்கு முன்னாலேயே, மூன்றாமவன் என்று மூவரும் லுட்விக்குக்குப் பின்னால் போனார்கள். பக்கத்தில் நின்ற சுரங்கக்காரர் அலோய்ஸ் தொப்பியைக் கழற்றி நெஞ்சில் வைத்துக்கொண்டார். பதினெட்டு வருஷம் சமையலறையில் முட்டாள் என்று திட்டிய ஆளை, சக்கரம் வாரியடித்த மண் தன் வாயெல்லாம் இருக்க, யாரோ எவரோ என்பதுபோல அவள் பார்த்தாள்.

கிளப் முதல் பிரிவில் தங்கியது. தங்கியதால் விளம்பரம் கொடுக்கும் கம்பெனிக்காரர்கள் பணம் கொட்டினார்கள். அந்தப் பணத்தில் கிளப் தலைவர் டென்மார்க்கிலிருந்து இருபத்திரண்டு வயதுக்காரன் ஒருவனைக் கூட்டிவந்தார். லுட்விக்கின் இடம் போயிற்று. தோற்றிருந்தாலும் போயிருக்கும், ஜெயித்தும் போயிற்று. டயர் கடையில் வேலைக்குச் சேர்ந்தான்.

ஏப்ரலில் முதல் போட்டிக்குத் தலைவர் பெரிய மனிதர்கள் உட்காரும் அறைக்கு இலவச அனுமதிச் சீட்டு அனுப்பினார். சூடாக சூப்பும் கொடுப்பார்கள், பேசாமல் போய் உட்கார் என்றாள் யாத்விகா.

"அவங்க பக்கத்துல உக்காந்தா அவங்க சொல்றதுக்கெல்லாம் தலையாட்டணும்" என்றான். "வாய்விட்டுத் திட்டணும்னா நம்ம காசுல போகணும்."

டிக்கெட் வரிசையில் முன்னால் நின்றவர்கள் விலகி வழிவிட்டார்கள். அவன் போகவில்லை. காலைத் தேய்த்துத் தேய்த்து நகர்ந்து, தன் முறை வந்ததும் வாங்கினான். நின்றுகொண்டு பார்க்கும் டிக்கெட், எட்டு ஸ்லோட்டி.